மீதிப் பணம் இன்னும் அனுப்பவில்லை

குட்டி,

எழுந்தேன், பால் காய்ச்சினேன், பாப்பாவுக்குத் தலை வாரினேன். அவளைப் பள்ளியில் விடக் கிளம்புகிறேன். நீ தூங்கினாய், எழுப்பவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா இங்கே விற்பதற்காகத் தண்ணீர் பாட்டில் ஆர்டர் கொடுத்து முன்பணம் கட்டிய வெளிநாட்டுத் தொழிற்சாலை, மீதியை இன்றே கேட்கிறது. அவள் இறந்துபோனது அவர்களுக்குத் தெரியாது; மெயில் இன்னும் அவள் பெயருக்கே வருகிறது. புதிதாகக் கொடுத்திருக்கும் வங்கிக் கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, யாரோ ஒரு ஆள் பெயரில் இருக்கிறது. அனுப்பிவிடாதே. பழைய எண்ணில் நானே கூப்பிட்டுக் கேட்கிறேன். சரக்கைச் சோதிக்க நாம் அமர்த்திய ஆள் நாளை அங்கே போகிறார். அவர் சரி என்ற பிறகுதான் பணம். அதுவும் முன்பணம் போன அதே கணக்குக்கு.

"கட்டித் தொலைச்சுட்டு தலைமுழுகுங்க மாமா" என்றாய் நேற்று ராத்திரி. அவள் சம்பளத்தில் சேர்த்த காசு அது. அதனால்தான் எழுந்து போய்விட்டேன்.

மாமா

பி.கு. கடைசியாக அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டாயே. பாப்பா பெயரையோ என் பெயரையோ சொல்லவில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சொன்னது இதுதான்: "பாட்டில்ல தண்ணி ஊத்தி, தலகீழா கவுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஒழுகலன்னா மட்டும் பணத்த அனுப்புங்க."