அண்ணன் குடித்த உப்புத் தண்ணீர்

அண்ணா,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லும்படி ஆகிவிட்டது. அடிவாரத்து ராவுத்தர் கடையில் வெல்லம் மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். டில்லியில் நம்மவர்களே மந்திரிகளாக உட்கார்ந்திருக்கிறார்களாம். அதில் ஒருவருக்கு வெளிநாட்டு இலாகா. பிள்ளைகள் சும்மா விடுவார்களா? "ஏனுங்க வாத்தியாரே, அந்த மந்திரிக்கு என்ன வேலைங்க?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"நம்ம சார்பா அடுத்த தேசத்துக்காரங்ககிட்டப் போய்ப் பேசற வேலை கண்ணு. சண்டை வராமயும் பாத்துக்கணும், ஏமாறாமயும் பாத்துக்கணும். தன் மனசுல இருக்கறதைப் பேசக்கூடாது. எல்லாருங் கூடிச் சொல்லி அனுப்புனதை மட்டுந்தான் பேசணும்" என்றேன். சொல்லி முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். நான் எங்கே படித்தேன் இதையெல்லாம்? மலையில் நம் வளப்பூர் நாட்டு ஊர்களுக்காகப் பக்கத்துப் பெரக்கரை நாட்டாரிடம் பேசப் போய்வந்த உங்களிடம் கேட்டதுதானே.

அந்தக் கடைசிப் பேச்சுக்கு நானும் கூட வந்தேன். உங்களுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஓடும் ஓடையை அவர்கள் தங்கள் வயலுக்கு மட்டும் திருப்பிக்கொள்ளப் பார்த்தார்கள். விடமாட்டோம் என்று சொல்லத்தான் நம்மவர்கள் உங்களை அனுப்பினார்கள். பேசப் போனவர் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், பேச்சு முடியாமல் உப்புச் சேர்ந்த எதையும் தொடக்கூடாது, தொட்டால் அவர்கள் சொன்னதற்குச் சம்மதித்ததாக அர்த்தம். மலையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் இது.

வெயில் உச்சிக்கு வந்தபோது நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். பெரக்கரை நாட்டுத் தலைவரான பட்டக்காரர் தானே எழுந்து போய்ச் சொம்பைக் கொண்டுவந்தார். "தண்ணிதானுங்க, குடிங்க" என்றார். நீங்கள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டீர்கள். தொண்டையில் இறங்கிய பிறகுதான் அது உப்புப் போட்ட நீராகாரம் என்று தெரிந்தது. உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். "உப்புத் தொட்டாச்சு. ஓடைப் பேச்சு முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பல்லை அங்கேயே தட்டிக் கையில் கொடுத்திருப்பேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவர் நீங்கள்.

வழியெல்லாம் சண்டை போட்டேன். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "தெரியாமத் தொட்டேன்னு நான் பின்வாங்குனா, நாளைக்கு நம்ம நாட்டு வாயை யாரு சாமி நம்புவாங்க?" என்னையும் வாய் திறக்க விடவில்லை. நம் வயல் காய்ந்தது. எதையோ வாங்கிக்கொண்டு ஓடையை விற்றுவிட்டான் என்று நம்மவர்களே பேசினார்கள். கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடவில்லை, கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அந்தக் காய்ச்சல் உங்களைக் கொல்லவில்லை அண்ணா. நம்மவர்கள் சொன்ன இந்தப் பழிதான் கொன்றது.

இப்போது கேளுங்கள். இந்த மழையில் மலை சரிந்து, பெரக்கரைக்காரர்கள் சந்தைக்கு இறங்கும் பாதை மண்ணோடு போய்விட்டது. மிளகும் பலாப்பழமும் வீட்டிலேயே கிடக்கின்றன. நம் காட்டு வழியாகப் போகவிட வேண்டும் என்று கேட்டு வந்தவர் அதே பட்டக்காரர். நம் தரப்பில் பேச வேண்டியவன் நான். எழுத்துத் தெரிந்தவன் என்று என்னை வைத்திருக்கிறார்கள். விடவே கூடாது என்று கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். "பட்டினி கெடக்கறவங்க மேல என்னங்க கோவம்?" என்று கேட்டு, விடலாம் என்று நம் நாட்டார் முடிவு செய்துவிட்டார்கள்.

கோயில் முன்னால் அவர் எதிரே உட்கார்ந்தபோது, இல்லை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்! ஆனால் அது என் சொல்லாகத்தான் இருந்திருக்கும். நாட்டார் சொன்னதையே சொன்னேன். "பாதை உட்டுட்டோமுங்க. நாளையிலிருந்து போலாமுங்க."

பிறகு நாட்டுக்காகப் பேசத் தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்து மடியில் வைத்தேன். "நாட்டுப் பேச்சு முடிஞ்சுதுங்க. இனி எம் பேச்சு. அந்தப் பாதை எங்க ஊட்டு வாசலை ஒட்டித்தான் போவுது. நீங்க ஒவ்வொரு சந்தைக்கும் போறப்ப நான் அங்க நிப்பேன்" என்றேன். அவர் அப்போது என்னைப் பார்க்கவில்லை.

நிற்கிறேன் அண்ணா. சந்தை தவறாமல் நிற்கிறேன். சுமையோடு அவர் வாசலுக்கு நேரே வந்ததும், எல்லார் காதிலும் விழும்படி கேட்கிறேன்: "ஏனுங்க, எங்கண்ணன் தண்ணி கேட்டப்ப என்னங்க குடுத்தீங்க?" முதலில் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். இப்போது நின்று அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். உங்களைத் தூற்றிய நம் ஆட்களும் வேலியோரம் வந்து நின்று கேட்கிறார்கள். நேற்று அவரோடு பேத்தி வந்திருந்தாள். "அப்புச்சி, அவரு என்ன கேக்கறாருங்க? நீங்க என்ன குடுத்தீங்க?" என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் சுமையை இறக்கி வைத்தார். நான் உதவிக்குப் போகவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளுக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்கத்தான் நின்றுகொண்டிருந்தேன். "தண்ணின்னு சொல்லி உப்புப் போட்ட நீராகாரத்தைக் குடுத்தேன் கண்ணு" என்றார், வேலியோரம் நின்ற நம் ஆட்கள் காதிலும் விழும்படி.