ஆறு உன்னைக் கொல்லவில்லை

சந்தைக்குப் போக மழைக்கோட்டை எடுத்து அதன் பைக்குள் கையை விட்டேன். விரலில் குத்தியது நீ கட்டிய தூண்டில்முள். நீர்ப்பூச்சியின் புழுவைப் போலப் பழுப்பு நூல் சுற்றி, தலையில் கனத்த உலோகமணி கோர்த்தது. நாம் வேலைக்கு வந்த இந்த நாட்டில் அதை நின்ஃபா என்பார்கள். ட்ரவுட் மீன் படுத்திருக்கும் ஆற்றின் அடிவரை அதை இறக்குவது அந்த மணிதான்.

லிபெர்த்தா வீதியில் நீ சம்பளத்துக்குப் பராமரித்த கிழவர் தன் தூண்டில்தடிகளை உனக்குத் தந்தபோது, விற்றுவிடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நீயோ என்னையும் இழுத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினாய். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. முதலில் மாட்டியதெல்லாம் மரக்கிளையும் என் தொப்பியும். "நூல் ஒருக்கால் நிண்டால் கல்லெண்டு நினையாதை, மீனெண்டு தூக்கு" என்று பிறகு நீயே ஒரு சட்டம் வைத்தாய்.

ஒரு ஞாயிறு, எங்களுக்கு மேலே தூண்டில் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர், வீடு துடைக்கிற பெண்களுக்கு இங்கே என்ன வேலை, மீனைக் கலைக்கிறீர்கள் என்றார். நான் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். நீ நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நில். நான் என்ன வேலை செய்யிறன் எண்டு மீன் கேக்கேல்லை."

அன்று ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறும் அதே இடத்தில்தான் நின்றோம்.

உன் வருத்தம் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் உன் கணவர் தடியை அலுமாரிக்கு மேலே ஒளித்துவைத்தார். நீ கதிரை போட்டு ஏறி எடுத்தாய். "வீட்டில கிடந்தாலும் வருத்தம் வருத்தந்தான். வா, போவம்."

ஆற்றில் உன் இடுப்புப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். நூல் நின்றது. தூக்கினாய். கையை நனைத்து அந்த ட்ரவுட்டை ஏந்தி, நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்துப் பிடித்தாய். வாலை உதறியதும் விட்டாய். பிறகு தொப்பியைக் கழற்றி, மருந்தால் மயிர் கொட்டிய தலையை வெயிலில் காட்டிச் சிரித்தாய்.

அதுதான் உன் கடைசி மீன். குளிர்ந்த ஆற்றில் நின்றுதான் உனக்கு நோய் முற்றியது, கூட்டிக்கொண்டு திரிந்தவள் நான் என்று செத்தவீட்டில் கதைத்தார்கள். குனிந்துகொண்டு இருக்கத்தான் எனக்குப் பழக்கம். அன்று எழுந்து நின்றேன்.

"ஆறு அவளைக் கொல்லேல்லை. அவள் சிரிச்சதை நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. நான் பாத்தனான்."



நாளை ஞாயிறு. ஆற்றுக்குப் போகிறேன் என்றதும், தண்ணீரில் வழுக்கினால் யார் தூக்குவது என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான், என் இடுப்பைப் பிடிக்க ஆளில்லை. எனக்குப் பயம் போகவில்லை. பயத்தோடும் போகலாம் என்பதை மட்டும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

"தனியத்தான் போறன்" என்றேன். காலைப் பஸ்ஸில் சாப்பிடப் பாண் கட்டிவைத்தாயிற்று.