அடிபட்ட அந்த ‘சம்வன்’ ஆர்?

ஒக்டோபர் 12, சனிக்கிழமை

மகளின் வலைப்பந்து அணியைக் கண்டிக்குக் கூட்டிப்போன ஆங்கில ரீச்சர், மத்தியானம் பெற்றோரின் வட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டிருந்தார். ‘சம்வன்’ காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் என்று.

பத்தாம் வகுப்புப் படித்த பெருமையில் மகளின் அகராதியைப் புரட்டினேன். ‘யாரோ ஒருவர்’ என்றிருந்தது. அது எனக்கும் தெரியும். எந்த ஒருவர்? ரீச்சரும் மகளும் போன் எடுக்கவில்லை.

தபால் கந்தோரில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு ரஞ்சியிடம் ஓடினேன்.

“பேர் தெரியாட்டி அப்பிடி எழுதலாம் அண்ணை. தெரிஞ்சும் சொல்ல விருப்பமில்லாட்டியும் எழுதலாம்.”

ரீச்சருக்கா பேர் தெரியாது? அப்ப சொல்ல விருப்பமில்லாமல்தான் எழுதியிருக்கிறா; அடிபட்டது என் மகளாகத்தான் இருக்கும். எங்கள் நெடுந்தீவிலிருந்து அன்றைய கடைசிப் படகும் போய்விட்டது. நீந்திப் போவோமா என்றுகூட யோசித்தேன். எனக்கு நீந்தத் தெரியாது.

நாலு மணிக்கு மகளே எனக்குக் கோல் எடுத்தாள். “அப்பா, நாங்கள் மட்ச் வெண்டிட்டம்!”

அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன்.

“அப்ப அடிபட்டது ஆருக்காம்?” என்றாள் மனைவி.

“ஆரோ ஒரு பிள்ளைக்கு.”

“ஆரோவோ? இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கும் தாய் தேப்பன் இருக்கெல்லே!”

வெட்கமாகப் போய்விட்டது. மகளிடம் திரும்பக் கேட்டேன். கடற்றொழிலுக்குப் போகும் யேசுதாசனின் மகள் ஜெனிற்றாவுக்காம். சுளுக்குத்தான், எலும்பு முறியவில்லை.

அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். யேசுதாசன் போனைப் பிடித்தபடி வாசல் படலையில் நின்றான். சொன்னதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். “சுளுக்குத்தானே அண்ணை?” என்று நாலு தரம் கேட்டான். நாலு தரமும் ஜெனிற்றா என்று பேரைச் சொல்லியே பதில் சொன்னேன்.