‘ஆம்’ என்றாலும் வேலை உண்டு

என் செல்ல அண்ணை,

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் இறந்துபோய் மூன்று வருடமாக நான் அழுதது போதும். இன்று உங்கள் தங்கச்சிக்குக் கொஞ்சம் தலைக்கனம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பத்தொன்பது வயதில், சட்டைப் பையில் துளி கஞ்சாவோடு மெட்ரோ வாசலில் பொலிஸ் உங்களைப் பிடித்தது. அந்தக் குற்றப்பதிவு இருபது வருடம் உங்களை ஒரு நல்ல வேலைக்கும் விடவில்லை. பிறகு இந்த நாட்டில் அதே கஞ்சா சட்டபூர்வமாகியது. அரசாங்கக் கடையில் ரசீது கொடுத்து விற்றார்கள், பசுமைக்குடில்களில் வளர்க்க ஆள் தேடினார்கள். எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டுப் பின்வளவில் கத்தரியும் வெண்டியும் காடாக வளர்த்த உங்களை விட்டால் யார் அதற்குப் பொருத்தம்?

“குற்றப்பதிவு உண்டா?” என்று ஒரு கஞ்சாப் பண்ணையின் பிரெஞ்சு வேலைப் படிவம் கேட்டது.

“சட்டம் மாறிட்டுது தானே, பதிவும் போயிருக்கும். இல்லையெண்டு போடு” என்றீர்கள்.

‘இல்லை’ பெட்டியில் புள்ளடி போட்டது என் கை. கோயிலில் காணும் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் கதை பரவிவிடும் என்று அம்மா தடுத்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன். பதிவு தானாகப் போகாது, விண்ணப்பித்துத்தான் விலக்க வேண்டும் என்பது, பொய் சொன்னீர்கள் என்று பண்ணைக்காரர் உங்களுக்கு வேலை இல்லை என்ற பிறகுதான் தெரிந்தது. அந்த வெட்கத்தோடேயே போய்விட்டீர்கள். என்னை ஒரு நாளாவது ஏசியிருக்கக் கூடாதா?

சரி, இனிச் செய்தி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு அப்பால் இன்னொரு கஞ்சாப் பண்ணையில், ஆள் எடுக்கும் பிரிவில் சேர்ந்தேன். ஓம், வேண்டுமென்றேதான். முதல் கூட்டத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. பங்குதாரர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. பிடித்தவருக்குப் பங்கு, பிடிபட்டவருக்கு அங்கே செடிக்குத் தண்ணீர் விடவும் அனுமதியில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த விதியை மாற்றச் சொல்லி ஒரு வருடம் நச்சரித்தேன். பொறுப்பில் இருக்கும் சிலருக்குத்தான் சட்டம் பழைய பதிவைச் சோதிக்கும் பாதுகாப்பு அனுமதி கேட்கிறது, எல்லோருக்கும் இல்லை என்று எடுத்துக் காட்டினேன். கடைசியில் முகாமையாளர் களைத்துப்போய், “படிவத்தை நீயே எழுது” என்றார். எழுதினேன். அந்தக் கேள்விக்குக் கீழே இப்படி இருக்கிறது: ‘கஞ்சா வைத்திருந்ததற்கான பழைய பதிவு இருந்தாலும் இந்த வேலை உங்களுக்கு உண்டு. பதிவை விலக்க நாங்கள் உதவுவோம்.’

முதலில் வந்தவர் தேவன் அண்ணை, கர்க்லாண்டில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். கேள்வியை முழுதாக வாசிக்காமலே ‘இல்லை’யில் புள்ளடி போட்டார். எனக்கு உங்களைப் பார்த்த மாதிரியே இருந்தது.

“அண்ணை, கீழையும் ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ.”

இரண்டு தரம் வாசித்தார். “உண்மையாவோ தங்கச்சி? பேந்து வேலையாலை நிப்பாட்ட மாட்டினமோ?”

“மாட்டினம். இதை எழுதினதே நான்தான்.”

புள்ளடியை வெட்டி, ‘ஆம்’ பெட்டியில் போட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போது வேலை தொடக்கம் என்று கேட்டார்.

பதிவை விலக்கிய கடிதம் அவருக்குப் போன மாதம் வந்தது. சாப்பாட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அவரைப் போலவே வந்து சேர்ந்த ஹெயிட்டிக்காரர் இருவர் மேசையில் ஓங்கித் தட்டினார்கள். ஓய்வுபெற்ற பொலிஸ்காரரும் கைதட்டினார் அண்ணை, என் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் திவசம். சொந்தக்காரர் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா எழுந்து நின்றார்.

“என்ர பிள்ளையைக் கஞ்சாவோட பிடிச்சவை. நான் மறைச்சன். மறைச்சு அவனைத் தனிய விட்டிட்டன். உங்கட வீடுகளிலை ஆரும் இப்பிடி இருந்தால் மறைக்காதேங்கோ, இவளிட்டை அனுப்புங்கோ.”

எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள். எப்படியோ முன்பே அறிந்து, குற்றப்பதிவு உள்ளவன் வேண்டாம் என்று தன் மகளின் கல்யாணத்துக்கு உங்களை அழைக்காத பெரிய மாமா மட்டும் இன்னும் கொஞ்சம் பருப்புக் கேட்டார். எனக்கு அந்தப் பருப்பை அவர் தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

திங்கள் மதியத்துக்குள் ஐந்து பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். ஐந்தாவதாக அழைத்தவர் பெரிய மாமா.

“பிள்ளை… நான் இஞ்சை வந்த புதுசிலை எனக்கும் நடந்தது. ஒருத்தருக்கும் தெரியாது. இப்பவும் பதிவை விலக்கலாமோ?”

என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? “விண்ணப்பிக்க விரலடையாளம் எடுக்க வேணும் மாமா. நானே வந்து கூட்டிக்கொண்டு போறன்” என்றேன். அவர் அழுதார்.

கேட்டு வருகிற ஒருவரையும் தனியே விட மாட்டேன் அண்ணை. உங்களைத் தனியே விட்டவர்களையும்தான்.

என்றும் உங்கள் ஒரே தங்கச்சி,
வதனி