சரணம் பாடியவள்

பெரம்பலூர்
12.2.1984

அடி உண்ணாமலை,

சுகமா என்று கேட்க மாட்டேன். பொங்கலுக்கு அரும்பாவூரில் உன் தாய்வீடு வரைக்கும் வந்தவள், என்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டாயே, கல்நெஞ்சுக்காரி.

இருந்தாலும் சேதியை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். திருச்சியில் ஒரு கேசட் கம்பெனிக்காரர், நான் மேடைகளில் பாடியதில் ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்ட பாட்டுகளாகப் பொறுக்கி ஒரே கேசட்டாகப் போடுகிறார். அட்டையில் என் போட்டோ, 'மெல்லிசைக் குயில் செங்கமலம்' என்று பட்டம் வேறு. "குயிலும் கறுப்புதான, பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் எங்கள் தபேலா கண்ணையன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாம் இருவரும் கட்டிய 'முந்திரிப்பூ வாசம்'தான் முதல் பாட்டு. உன் கல்யாணத்துக்கு முன்னால் கல்லங்குறிச்சித் திருவிழாவில் பதிந்த டேப்பையே போடப்போகிறார்களாம். பல்லவி முடிந்ததும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, பின்பாட்டு மைக்கில் நின்ற நீ சரணம் முழுக்கப் பாடினாயே, அதேதான். டேப்பில் பாட்டை மட்டும் கேட்பவர்கள் அதை என் குரல் என்றே நினைக்கிறார்கள். பஸ்ஸில் போனால்கூட, "அந்தச் சரணம் ஒண்ணு போதும்மா" என்கிறார்கள். எனக்கு உடம்பு கூசுகிறது. அட்டையில் உன் பெயரும் வர வேண்டும். சரி என்று ஒரு வரி எழுது.

உன்னையே நினைக்கும்
செங்கமலம்


கங்கைகொண்ட சோழபுரம்
21.2.1984

அன்பான செங்கமலத்துக்கு,

உன் கடிதம் வந்ததும் முந்திரிக்கொட்டை உடைப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். என் சிநேகிதி கேசட்டில் வருகிறாள்! ஆனால் என் பெயர் மட்டும் வேண்டாமடி. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பொண்ணுக்குத் தையல் தெரியும். அதிர்ந்து பேசாது." நான் மேடையில் பாடியதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இங்கே என் மாமியார் கொளஞ்சியம்மாளுக்கு, மேடையேறிய பெண் என்றாலே 'கூத்தாடிச் சிறுக்கி'தான். என் வீட்டுக்காரர் தங்கமானவர். ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். தெரிந்தால், பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள் என்று ஊரைக் கூட்டி என்னை அரும்பாவூருக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பயத்தில் மூன்று வருஷமாக நான் அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை.

பாட்டைப் போடு, அது நம்முடையது. பெயரைப் போடாதே.

உன்
உண்ணாமலை


பெரம்பலூர்
2.3.1984

உண்ணாமலை,

அழுதுகொண்டே படித்தேன், திட்டிக்கொண்டே எழுதுகிறேன். திருடினவள் பெயர் அட்டையில், பறிகொடுத்தவள் அடுப்படியில். நல்ல நியாயம்! அந்தப் பாட்டையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "அது இல்லாட்டி கேசட்டே இல்லம்மா" என்று கம்பெனிக்காரர் கையை விரித்துவிட்டார்.

உன் பெயரைப் போடவில்லை, போதுமா? சித்திரையில் கடைக்கு வருகிறது. சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள், போன தடவை பார்த்தபோது ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தாய்.

கோபத்தோடும் முத்தத்தோடும்
செங்கமலம்


கங்கைகொண்ட சோழபுரம்
9.5.1984

என் செங்கமலம்,

அட்டையைப் பார்த்தேன். கண்ணில் மை கொஞ்சம் அதிகம், மற்றபடி ராணிதான்.

வாங்கி வந்தது என் வீட்டுக்காரரேதான்! ஜெயங்கொண்டம் சந்தையில் யாரோ பாடவிட்டதைக் கேட்டுவிட்டு வாங்கினாராம். வந்ததும் வராததுமாக டேப் ரிக்கார்டரில் போட்டார். சரணம் வந்ததும், "என்னா குரலுடா சாமி!" என்று கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் சுற்றி மறுபடி கேட்டார். நான் குனிந்த தலை நிமிராமல் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓய்ந்தது. உடனே விழாக்கமிட்டி மைக்கில் ஒரு குரல்: "சரணத்தைப் பாடி அசத்திய அரும்பாவூர் உண்ணாமலைக்கு, பூமாலை அண்ணன் சார்பாக ஒரு பட்டுத்துண்டு அன்பளிப்பு!"

பாட்டுக்குப் பாட்டு நடுவில் புகுந்து நம் பிராணனை வாங்குவார்களே, அந்த அறிவிப்பு. அதை வெட்டாமல் விட்டுவிட்டார்களடி! கம்பெனிக்காரர் மறந்தாரா, நீதான் விடச் சொன்னாயா? வேண்டாம், சொல்லாதே.

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? சட்டையை மாட்டிக்கொண்டு முந்திரிக்காட்டுப் பக்கம் போய்விட்டார். நான் பெட்டியில் புடவைகளை அடுக்கினேன்.

மத்தியானம் திரும்பி வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றார்.

"பொய் சொல்லித்தானங்க என்னைக் கட்டிக் குடுத்தாங்க."

"அத உங்கப்பாகிட்ட நான் கேட்டுக்கறேன்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணு வருஷமா என் வூட்டுல இருக்க. ஒரு வரி பாடலியே, உண்ணாமல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னடா அங்க சத்தம்?" என்று அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் பதறி எழுந்து கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாத. பாடு. அம்மாவும் கேக்கட்டும்" என்றார் அவர்.

பாடினேனடி. அடுப்பில் சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகை வந்தது. பாட்டு முடியும்வரை அத்தை அடுப்படி வாசற்படியை விட்டு நகரவில்லை.

உன்
உண்ணாமலை