காரை நிறுத்தியது நீங்கள் இல்லை

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் உங்கள் வாடை வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே கையோடுதான் சாப்பிட உட்காருவீர்கள். நான் முகம் சுளிப்பேன். இன்று சுளிக்கத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. எனக்கு இருப்பது கோபம். யார் மேல் என்று சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

நீங்கள் போன சில வாரத்தில் கார் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் சோக்கை இழுத்து, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டி ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காகத்தான் கிளம்பும். சூடேறியதும் சோக்கை உள்ளே தள்ளினால் துள்ளும், இருமும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றேபோகும். நம் தெருவிலிருந்து வயலுக்குப் போகிற வழியில் காலை எடுத்தே ஆகவேண்டிய இடம் ஒன்றுதான் உண்டு, வாய்க்கால் மதகுத் திருப்பம். அந்தத் திருப்பத்தில்தான் உங்கள் அண்ணன் வீடு இருக்கிறது. ஆகவே நான் ஓட்டிப்போகும்போதெல்லாம் கார் அவர் வாசலிலேயே போய் நின்றது.

இது போதாதா அவர்களுக்கு? முதலில் அண்ணன், "வண்டி பழசாயிடுச்சும்மா" என்பதோடு விட்டார். அடுத்த தடவை உங்கள் அண்ணி வாசலுக்கு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தம்பி காட்டுறாரு, பாத்தீங்களா" என்றார். அதன் பிறகு தெருவெல்லாம் அதுதான் பேச்சு. நான் கார் ஓட்டுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையாம். காரை அண்ணனிடம் ஒப்படைத்துவிடு என்று அவர் வாசலில் நிறுத்திக் காட்டுகிறீர்களாம். உயிரோடு இருந்தவரை ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், செத்த பிறகு கார்புரேட்டர் வழியாகப் பேசுகிறாராம்.

"வண்டியை நம்ம பெரியவன்கிட்ட குடுத்துடும்மா. வயலுக்குப் போகணும்னா ஒரு வார்த்தை சொல்லு, அவன் வந்து கூட்டிட்டுப் போவான்" என்றார் அண்ணன். பெரியவன் என்றால் அவருடைய மகன். கேட்பதற்கு எவ்வளவு பரிவாக இருக்கிறது. நாற்று விடுகிற நாளிலும் தண்ணீர் பாய்ச்சுகிற நாளிலும் அவன் எப்போது வருவான் என்று நான் வாசலில் நிற்க வேண்டும். ஒரு வருஷம் அப்படி நின்றால், நிலத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் வாயாலேயே சொல்லிவிடுவேன். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் எதையோ திருகி, கால் வைக்காதபோது எஞ்சின் ஓடுகிற வேகத்தை, அந்த ஐடிலிங்கை, ஏற்றிவிட்டு, "எஞ்சினை எறக்கித்தாம்மா பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் மறுபடியும் அண்ணன் வாசலில் நின்றது. நானே பானெட்டைத் திறந்தேன்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருக்க, நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, "கொஞ்சம் ரைஸ் பண்ணு, போதும், விடு" என்கிற உங்கள் சொல்லுக்கெல்லாம் காலை அமுக்கியிருக்கிறேன். என் காது சும்மா இருந்ததா? நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் விழும். "சோக்கு இழுத்தா சரியாவுதுன்னா ஒண்ணு பெட்ரோல் பத்தல, இல்லாட்டி எங்கேயோ கள்ளக்காத்து ஏறுது" என்பீர்கள். எஞ்சின் சூடேறிய பிறகு சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தேன். துள்ளல் நின்றது. அணைத்துவிட்டு, ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். காப்பிப்பொடி நிறத்தில் இருக்கவேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைந்தாலோ காற்று மிஞ்சினாலோதான் அப்படி வெளுக்கும். பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. அப்படியானால் காற்றுதான்.

இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துவந்து, ஓடுகிற எஞ்சினில் ரப்பர் குழாய் சேரும் இடங்களில் ஒவ்வொன்றாகப் பீய்ச்சினேன். பின்பக்கத்துக் குழாய் ஒன்றில் தண்ணீர் பட்டதும் எஞ்சினின் குரல் மாறியது. அணைத்துவிட்டுக் கையை விட்டுத் தடவினால், அடிப்பக்கத்தில் எலி கடித்த ஓட்டை.

எலி எங்கிருந்து வந்தது? அறுவடை முடிந்ததும், மழையில் நனையக்கூடாது என்று உங்கள் அண்ணன் தன் வைக்கோலைக் கொண்டுவந்து நம் கார் ஷெட்டில் அடுக்கினாரே, அதிலிருந்து வந்தது. அடுக்குவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைக்கோல் அவருடையது, பழி மட்டும் உங்கள் மேல்.

பஸ்ஸில் பாபநாசம் போய்க் குழாயில் ஒரு துண்டு வாங்கிவந்து மாட்டினேன். கிளிப்பை இறுக்கி, மெக்கானிக் ஏற்றிவிட்டுப் போன ஐடிலிங்கையும் பழையபடி இறக்கினேன்.

இன்று காலை மதகுத் திருப்பத்தில் கார் நிற்கவில்லை. வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நம் ஷெட்டு வாசலில் அண்ணன் நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி மனசு எறங்கிட்டான் போலருக்கும்மா. முந்தாநாள் உங்க அக்கா படையல் போட்டா. வேண்டிக்கிட்டது வீண்போகல" என்றார். அக்கா என்றது உங்கள் அண்ணியை.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கார் நின்றதற்கும் நீங்கள் காரணம், ஓடியதற்கும் நீங்கள் காரணம். முழங்கை வரைக்கும் கரியைப் பூசிக்கொண்டு குனிந்து கிடந்தவள் கணக்கிலேயே இல்லை.

"இங்க வாங்க மாமா" என்றேன். எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி, கிளிப்பைத் தளர்த்திப் புதுக் குழாயை உருவினேன். கார் இருமித் துள்ளியது. "இப்ப கோவமா இருக்காரு." குழாய் இருந்த துவாரத்தை விரலால் அடைத்தேன். "இப்ப சமாதானமாயிட்டாரு." விரலை எடுத்தேன். "திரும்பவும் கோவம். இன்னொருக்கா சமாதானம் பண்ணட்டுங்களா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கும்மா. என்ன இருந்தாலும் நீ வண்டி ஓட்டுறது அவனுக்குப் புடிக்காது."

"உங்ககிட்ட எப்ப சொன்னாரு மாமா?"

"சொல்லணுமா? என் தம்பி மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

இப்போது உங்கள் பங்கு. கும்பகோணத்திலிருந்து ஊர் வரைக்கும் முதன்முதலாக நான் ஓட்டிவந்த அன்று, "பொண்டாட்டி ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து வர்றியாடா" என்று உங்கள் அண்ணன் நாலு பேர் முன்னால் சிரித்தார். நீங்களும் கூடச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அவர் இத்தனை வருஷமாக எடுத்துவைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, "நீ என்னைவிட நல்லா ஓட்டுற" என்றீர்கள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. அன்று எனக்கு அது போதும் என்றிருந்தது. இன்று போதவில்லை. அதை அவர் முன்னாலேயே சொல்லியிருந்தால், இன்றைக்கு உங்கள் வாயில் யாரும் வார்த்தையைத் திணித்திருக்க முடியாது.

அதனால் நானே சொன்னேன். "நான் அவரைவிட நல்லா ஓட்டுறேன்னு அவரே சொன்னாரு மாமா. உங்க முன்னாடி சொல்லத்தான் அவருக்குப் பயம். வண்டி எங்கயும் போவாது. வைக்கோலை மட்டும் நாளைக்கு எடுத்துடுங்க."

அவர் வைக்கோலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நம்பியிருக்க மாட்டார். நம்பாவிட்டாலும் போகட்டும். இனி யார் உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு எதைக் கேட்க வந்தாலும், நீங்கள் எனக்கு மட்டும் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் எடுத்துப்போடுவேன். கதவைத் திறந்துவைத்து, தெருவுக்கே கேட்கும்படி.