பேக்கரிப் பெட்டிக்குள் என் சீஸ் பஃப்ஸ்

ஞாயிறு, இரவு.

மாவை மடித்து மடித்துத் தேய்த்த தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. அதுகூடப் பரவாயில்லை.

எங்கள் அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் தரும் மதுரைக்காரரும் அவர் மனைவியும் இன்று வீட்டுக்கு வந்தார்கள். இந்த வெயிலில் வெண்ணெய் உருகாமல் மாவைப் பிரிட்ஜில் வைப்பதும் எடுப்பதுமாக, காலையிலிருந்து நின்றபடியே சீஸ் பஃப்ஸ் செய்தேன். நான் காபி கலக்கிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் அத்தனையையும் ஒரு பேக்கரிப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டார். எங்கள் அச்சகத்தில் ஊரிலுள்ள ஒரு பேக்கரிக்காக அடிக்கிற அட்டைப் பெட்டி அது.

"இம்புட்டு மொறுமொறுன்னு இருக்கே, எந்தக் கடைல வாங்குனீக அண்ணே?" என்று அந்த அம்மா கேட்டார். இவர் பெட்டியின் மேலிருந்த பெயரைக் காட்டிச் சிரித்தார். காபித் தட்டோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.

அவர்கள் போனதும் கேட்டேன்.

"வீட்டுல செஞ்சதுன்னா கஞ்சப்பயன்னு நினைப்பாக. கடைச் சாமான்னாத்தான் மதிப்பு" என்றார். அதோடு விட்டாரா? "அவுகளுக்குப் பிடிச்சுப்போச்சு. வர்ற வாரம் ஒரு பெட்டி குடுத்துவிடணும், செஞ்சு வையி."

"பெட்டியில பேரு போட்டிருக்குல்ல, அங்கனயே போயி வாங்கிக்கோங்க" என்றேன்.

கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மிச்ச மாவைச் சுட்டு, தட்டில் வைத்துத் தின்றுகொண்டே இதை எழுதுகிறேன். அவருக்கு ஒன்றுகூட வைக்கப்போவதில்லை.